பத்துப் பேருக்குக் களி: ஓசூரிலிருந்து வந்த ஒரு கேள்வி

கேள்வி: ஓசூர் வாசகி, 2023 டிசம்பர் 28

ஐயா, எனக்குச் சொந்த ஊர் காரிமங்கலம் பக்கம். ஓசூரில் வேலை. ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட வேலை பார்க்கிறவர்கள் பத்துப் பேரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். ஒடிசா, கேரளம், ஹாசன், சென்னை என்று ஆளுக்கு ஓர் ஊர். இரண்டு பேர் சைவம். 'உங்கள் ஊர்ச் சாப்பாடுதான் வேண்டும்' என்கிறார்கள். என் ஊர்ச் சாப்பாடு என்றால் கேழ்வரகுக் களிதான். அம்மாவிடம் சொன்னேன், 'விருந்தாளிக்கு யாராவது களி போடுவார்களா, பிரியாணி செய்' என்கிறார். போடலாமா? பத்துப் பேருக்குக் கட்டி விழாமல் கிண்ட முடியுமா?

பதில், இதே இணைய இழையில்: டிசம்பர் 28, இரவு 9.40

போடாதீர்கள். உங்கள் அம்மா சொல்வதுதான் சரி.

களிக்குக் காத்திருக்கத் தெரியாது. சோறு ஒரு மணி நேரம் மூடிக் கிடக்கும். பிரியாணி இரண்டு மணி நேரம் தம்மில் கிடக்கும். களி, அடுப்பை விட்டு இறங்கிய கால் மணி நேரத்தில் மேலே தோல் கட்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். பத்துப் பேரும் ஓசூர்ப் போக்குவரத்தைத் தாண்டிப் பத்து நேரத்துக்கு வந்து சேர்வார்கள். முதலில் வந்தவருக்குக் களி, கடைசியில் வந்தவருக்குக் கவண்கல்.

நான் பட்டதைச் சொல்கிறேன். 2016இல் சம்பந்தி வீட்டார் இருபது பேர் கைநனைக்க வந்தார்கள். சென்னைக்காரர்கள். கிராமத்துச் சாப்பாடு வேண்டும் என்று அவர்களும்தான் ஆசைப்பட்டார்கள். என் மனைவிக்கு மணிக்கட்டு வலி வந்த பிறகு வீட்டில் களி கிண்டுவது என் வேலை. நான்கு பேருக்குக் கிண்டிப் பழகிய தைரியத்தில் இரண்டு கிலோ மாவை ஒரே குண்டானில் கொட்டினேன். துடுப்பு நடுவில் நின்றுவிட்டது. இழுத்தால் குண்டானும் சேர்ந்து வந்தது. மைத்துனர் ஒருவர் குண்டானைப் பிடிக்க, நான் துடுப்பைப் பிடிக்க, இருவரும் கிணறு தோண்டுகிறவர்கள் மாதிரி வியர்த்துப்போனோம். பந்தியில் சம்பந்தியம்மா உருண்டையைப் பிட்டார். உள்ளேயிருந்து வேகாத மாவு புகையாகக் கிளம்பியது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தும்மினார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றுவரை நான் 'மாவு தாத்தா'.

டிசம்பர் 29, காலை

ஆகாது என்று சொன்னவன் செய்முறை எழுதக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே. உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் மட்டுமாவது ஒரு நாள் கிண்டிப் பாருங்கள்.

ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். ஒரு கைப்பிடி நொய்யை அரை மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டு, அந்தத் தண்ணீரிலேயே குழைய வேகவிடுங்கள். நொய்க்கு அதன் அளவில் மூன்று மடங்கு தண்ணீர் தனியாகச் சேர்க்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிளறாதீர்கள்! கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். துடுப்பின் காம்பால் குவியலின் நடுவில் அடிவரை ஒரு துளை போட்டு, தீயைக் குறைத்து, மூடி பாதி திறந்தபடி வையுங்கள்.

இனி வேடிக்கை பார்க்கலாம். துளை வழியாகக் கஞ்சி மேலே வந்து 'தொப்... தொப்...' என்று குமிழ் விடும். குவியலின் ஓரங்கள் முதலில் கறுக்கும், நனைந்த செம்மண் மாதிரி. உச்சியில் மட்டும் வெளிறிய மாவு ஒரு தொப்பி அளவுக்கு நிற்கும். அந்தத் தொப்பியும் நனைந்து உட்காரும்வரை பொறுக்க வேண்டும். எட்டு நிமிடம், பத்து நிமிடம் ஆகும். அதற்குப் பிறகுதான் துடுப்பு. குண்டானின் ஓரத்தில் மாவை வைத்து அழுத்தி அழுத்திக் கிண்ட வேண்டும். பாயசம் கலக்குவது போலச் சுற்றிக்கொண்டிருந்தால் ஆயுளுக்கும் கட்டி போகாது.

கட்டி ஏன் விழுகிறது? மாவு கொதிநீரில் பட்டதும் வெளிப்புறம் வெந்து பசையாகித் தோல் போல மூடிக்கொள்கிறது. உள்ளே இருக்கிற மாவுக்குத் தண்ணீர் போக வழியில்லை. அவசரப்பட்டுக் கிளறினால் அப்படி நூறு மூட்டைகள் உண்டாகும். குவியலாக விட்டால் துளை வழியே ஆவி ஏறி உள்ளேயும் நனைக்கும். விஷயம் அவ்வளவுதான். 2016இல் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இருபது பேர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது யாருக்கு இருக்கும்?

வெந்ததா என்று பார்க்க, விரலைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொடுங்கள். ஒட்டினால் இன்னும் வேகவில்லை. ஒட்டாவிட்டால் இறக்கலாம்.

டிசம்பர் 29, மாலை

நொய் போட்டால் அது களியே இல்லை என்று காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் வெறும் மாவில்தான் கிண்டுவார்கள், முத்தே என்பார்கள். அவர்கள் உருண்டை கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். எங்கள் பென்னாகரம் பக்கம் நொய் போடுவோம். நொய் இருந்தால் களி கொஞ்சம் இளகலாக இருக்கும், தொண்டையில் நிற்காது, புதியவர்களுக்குப் பயம் தெளியும். ஒருகாலத்தில் நொய்க்குப் பதில் சாமையும் போட்டார்கள்.

இரண்டும் களிதான். சண்டை வேண்டாம். ஆனால் எங்கள் களிதான் களி.

டிசம்பர் 30

இந்த வாரம் திருவாதிரை வந்துபோனதால் ஒரு குழப்பம். கும்பகோணத்துக்காரர் ஒருவர், 'களிக்கு வெல்லம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லையே' என்று கேட்கிறார். ஐயா, அது வேறு களி. நெய்யும் முந்திரியும் போட்டு நடராசருக்குப் படைப்பது. எங்கள் களி யாருக்கும் படைப்பதில்லை, எங்களுக்கே போடுவது. அதில் வெல்லம் போட்டால் எங்கள் பாட்டி எழுந்து வந்துவிடுவார்.

மற்ற ஊர்களில் 'களி தின்னப் போகிறாய்' என்றால் சிறைக்குப் போகிறாய் என்று பொருள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த மிரட்டல் பலிக்காது. 'இன்றைக்கும் களியா' என்று மட்டும் கேட்பார்கள்.

அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த மண் இது. களி கொடுத்திருந்தால் பாட்டு வேறு மாதிரி வந்திருக்கும்.

டிசம்பர் 31, இரவு

தூக்கம் வரவில்லை. பட்டாசுச் சத்தம். உங்கள் அம்மா சொன்ன 'விருந்தாளிக்கு யாராவது களி போடுவார்களா' என்ற வாக்கியம் இரண்டு நாளாகக் காதிலேயே நிற்கிறது. நானும் உடனே சரி என்றேனே, அது ஏன் என்று யோசித்தேன். களி காத்திருக்காது, ஆறிப்போகும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் சரி என்றது அதனால் இல்லை.

1970. எனக்குப் பத்து வயது. பென்னாகரத்துக்கு உள்ளே தள்ளி ஓர் ஊர். வீட்டில் ஆறு பேர். கேழ்வரகு எங்கள் மானாவாரி நிலத்தில் விளையும். ஆடியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழியில் கதிர் அறுப்போம். குதிரில் கொட்டினால் வருடக்கணக்கில் கெடாது, வண்டு வைக்காது. நெல்லை விலைக்குத்தான் வாங்க வேண்டும். அதனால் நெல்லுச்சோறு தீபாவளிக்கு, பொங்கலுக்கு, மாரியம்மன் திருவிழாவுக்கு, பிறகு விருந்தாளிக்கு. விருந்தாளி வந்துவிட்டால் அம்மா பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி கடன் வாங்குவார். எங்களுக்கு அது கொண்டாட்டம். உறவினர் முகத்தைவிட அந்த அரிசிப்படியைத்தான் ஆவலாகப் பார்ப்போம்.

ஒரு நாள் மதியம் என் வாத்தியார் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். உதவித்தொகைப் படிவத்தில் அப்பாவின் கைநாட்டு வேண்டும். அப்போதுதான் களி கிண்டி உருட்டி முடித்திருந்தார்கள். வாத்தியார் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், அம்மா களிச்சட்டி மேல் ஒரு கூடையைக் கவிழ்த்தார். பழைய மூங்கில் கூடை, சாணி மெழுகியது. அதன் சந்துகள் வழியாக ஆவி வந்துகொண்டே இருந்தது. வாத்தியார் அதைப் பார்த்தபடியே மோர் குடித்துவிட்டுப் போனார். எனக்கு மானமே போயிற்று. ஆவி வராத கூடையாகக் கவிழ்த்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

களி இல்லாதவன் சாப்பாடு, சோறு இருப்பவன் சாப்பாடு என்று அன்றைக்கு மனதில் விழுந்தது. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். அப்புறம் களி வயதானவர்கள் சாப்பாடாயிற்று. அதற்குப் பிறகு சர்க்கரை நோய்க்காரர்கள் சாப்பாடு. 2023 மே மாதம் எங்கள் தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பையை விரித்துக்கொண்டே சொன்னார்: "இதைத் தின்னாமல் இருக்கத்தானே ஐயா அரிசி வாங்க வந்தோம்."

சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்.

2024 ஜனவரி 1

போடுங்கள்.

டிசம்பர் 28ஆம் தேதி எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும். கூடையைக் கவிழ்க்கும் புத்தியில் எழுதியது அது. ஆனால் கவண்கல் பயம் நியாயமானது. அதற்கு வழி செய்துகொள்ள வேண்டும்.

ஒரே குண்டானில் கிண்டாதீர்கள். அரை அரை கிலோவாக இரண்டு. முதல் குண்டான், எல்லாரும் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு; இரண்டாவது, முதல் உருண்டைகள் இலையில் விழும்போது. விருந்தாளிகளில் புஜபலம் உள்ளவர் யாராவது இருந்தால் துடுப்பைக் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு விளையாட்டு, உங்களுக்கு வேலை மிச்சம்.

இன்னொன்று. எரிவாயு அடுப்பின் மேல் வைத்துக் கிண்டாதீர்கள். அழுத்துகிற வேகத்தில் அடுப்பே நகரும். மாவு வெந்ததும் குண்டானைத் தரையில் பிரிமனை மேல் இறக்கி, சாக்கு போர்த்தி, இரண்டு பாதங்களாலும் அணைத்துக்கொண்டு கிண்டுங்கள். பிறகு மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம் அனலில் வைத்து எடுங்கள். பிரிமனை ஓசூரில் கிடைக்காது என்றால் பழைய துண்டைச் சுருட்டி வளையமாக வைத்தாலும் போதும்.

ஜனவரி 2, காலை

சைவக்காரர்கள் இருவருக்கும் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மார்கழி மாதத்தில், ஓசூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! தெருவெல்லாம் அவரைக்காய் குவிந்து கிடக்குமே. பிதுக்குப் பருப்புக் குழம்பு வையுங்கள். இறைச்சி சாப்பிடுகிறவர்களும் அதையே கேட்பார்கள் பாருங்கள்.

காயை உரித்துக் கொட்டையை எடுங்கள். இரண்டு கிலோ காய் உரித்தால் கொட்டை அதில் பாதிகூடத் தேறாது; கணக்குப் போட்டு வாங்குங்கள். காய் கையில் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும், எண்ணெய் வாசம் அடிக்க வேண்டும். பனி பெய்தால் வாசம் கூடும் என்பார்கள் விவசாயிகள். கொட்டையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு நசுக்கு. தோல் விரலில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாயும். பாத்திரத்தில் விழுவது பாதி. மீதி சுவரில், பக்கத்திலிருப்பவர் கண்ணாடியில், ஒருமுறை எங்கள் வீட்டில் செய்தி வாசிப்பவர் முகத்திலேயே, தொலைக்காட்சிப் பெட்டி மேல். தனியாக உட்கார்ந்து பிதுக்கினால் வெறுத்துப்போகும். சனிக்கிழமை இரவு ஊறவைத்து, முதலில் வருகிற நான்கு பேரிடம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிடுங்கள். நேரத்துக்கு வருகிறவர்களுக்கு இது தண்டனை. அதற்கு நான் பொறுப்பில்லை.

குழம்புக்குத் தேங்காய், கொத்துமல்லித்தழை, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு தேக்கரண்டி கசகசா அரைத்துக்கொள்ளுங்கள். வெங்காயமும் தக்காளியும் வதக்கி, அரைத்ததைப் போட்டுப் பச்சை வாசம் போக வதக்கி, தண்ணீர் விட்டுக் கொதித்ததும் பருப்பைப் போடுங்கள். குக்கர் வேண்டாம். பிதுக்கிய பருப்பு திறந்த சட்டியிலேயே கால் மணியில் வெந்துவிடும். குக்கரில் போட்டால் கூழாகி, நீங்கள் பிதுக்கியதற்குச் சாட்சியே இருக்காது.

தக்காளி பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளியாக இருந்தால் நல்லது. போன ஜூலையில் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் போனபோது நாங்கள் புளியிலேயே காலம் தள்ளினோம். இங்கே புளிக்குப் பஞ்சமில்லை, சாலை ஓரமெல்லாம் மரம்.

ஜனவரி 2, மதியம்

கீரை எழுத மறந்தேன். களிக்குப் புளிச்சகீரைக் கடைசல் இல்லாமல் எப்படி! இரண்டு கட்டுக் கீரை, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், எல்லாம் ஒன்றாக வேகவைத்து மண்சட்டியில் மத்தால் கடையுங்கள். கடலை எண்ணெயில் கடுகு, வரமிளகாய் தாளிப்பு. புளி போடக் கூடாது. கீரையிலேயே புளிப்பு இருக்கிறது. மிளகாயில் கஞ்சத்தனம் வேண்டாம், புளிப்பு அதைத் தின்றுவிடும்.

மிக்ஸியில் அடித்தால் கோந்து மாதிரி இழுக்கும். மத்து இல்லையென்றால் கரண்டியின் பின்புறத்தால் மசியுங்கள்.

ஜனவரி 3

ஒகேனக்கல் மீன் குழம்பு வைக்கலாமே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒகேனக்கல்லில் அருவியில் குளித்துவிட்டு, எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, பசியோடு உட்கார்ந்து சாப்பிட்டால் எந்த மீனும் ருசிதான். ஓசூர் மாடியில் அந்த ருசி வராது. நாட்டுக்கோழி வையுங்கள். முற்றிய கோழியாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகும். முந்தின இரவே வைத்துவிட்டால் மறுநாள் குழம்பு இன்னும் நன்றாக இருக்கும். இதற்கு மேல் கோழி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் அது மனைவியின் இலாகா.

ஜனவரி 4

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் செய்து பார்க்காவிட்டால் எப்படி? இன்று அரை கிலோவை நானே கிண்டினேன். மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து நேரம் பார்த்தார், அதாவது குறை சொன்னார்.

திருத்தம் ஒன்று: ஒன்றுக்கு இரண்டு என்று 29ஆம் தேதி எழுதினேன். புதிதாக அரைத்த மாவு அதற்கு மேலும் கேட்கிறது, இரண்டேகால் வரை. ஆலைக்கு ஆலை மாறும். அதனால் மாவு கொட்டுவதற்கு முன், கொதிக்கும் நொய்க்கஞ்சியில் இரண்டு டம்ளர் மொண்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கிண்டும்போது இறுகினால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் களி திட்டுத் திட்டாகப் பிரியும். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வீட்டில் கை தானாகச் செய்வதால் எழுதும்போது விட்டுப்போயிற்று. "நீங்கள் மொண்டு வைப்பதே இல்லை, நான்தான் வைக்கிறேன்" என்கிறார் மனைவி. சரி, அவர் கை.

திருத்தம் இரண்டு: நேரம். கொதித்த தண்ணீரில் மாவு கொட்டியதிலிருந்து உருட்டி முடிக்க இருபத்தெட்டு நிமிடம். மூன்றாவது திருத்தம், அளவு. ஆளுக்கு நூறு கிராம் மாவு என்று யாரோ இங்கே எழுதியிருந்ததை நம்பாதீர்கள். அது ஏர் ஓட்டியவர்கள் கணக்கு. அரை கிலோவுக்கு ஏழு உருண்டை வந்தது. கணினி முன் உட்காருகிறவருக்கு ஓர் உருண்டையே மலைப்பு. இரண்டு குண்டானுக்குப் பதினான்கு உருண்டை உங்களுக்குத் தாராளம்.

உருட்டும்போது கிண்ணத்தின் உட்புறத்தை நனைத்து, களியைப் போட்டு, கிண்ணத்தைக் குலுக்குங்கள். தானே சுற்றிச் சுற்றி உருண்டையாகும். கையால் உருட்டினால் சுடும். என் உள்ளங்கை மரத்துப்போனது, உங்களுடையது அப்படி இருக்காது.

ஜனவரி 5

மெல்லலாமா, விழுங்கலாமா? ஹாசன்காரர் கட்டாயம் 'மெல்லக் கூடாது' என்பார். எங்கள் ஊரிலும் பெரியவர்கள் அப்படித்தான். ஒரு துண்டு பிட்டு, குழியாக்கி, குழம்பில் அழுத்தித் தோய்த்து, வாயில் போட்டதும் விழுங்கிவிட வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும், முகம் சுளிப்பார்கள், களி மேல் பழி விழும். ஆனால் முதல் தடவை சாப்பிடுகிறவரிடம் 'மெல்லாதே, விழுங்கு' என்றால் மாத்திரை கொடுப்பது போல இருக்கும். சின்னத் துண்டு, நிறையக் குழம்பு. இதை மட்டும் சொல்லுங்கள். மற்றது தொண்டை பார்த்துக்கொள்ளும்.

சத்து பற்றி எழுதுங்கள் என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, தீட்டிய அரிசியில் பத்துக்குப் பக்கம். எழுதிவிட்டேன். விருந்தில் இதைச் சொல்லாதீர்கள். சத்து என்று சொல்லிப் போட்ட எதையும் எந்தப் பிள்ளையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

ஜனவரி 8

ஓசூர் வாசகியிடமிருந்து நீண்ட கடிதம். அதன் சாரம் இது.

முதல் குண்டானில் நான்கைந்து கட்டிகள். (கிளறிவிட்டாராம், தொப்பி உட்காருவதற்குள். கை பரபரக்கும் என்று சொன்னேனே!) இரண்டாவது குண்டானைக் கேரளத்துக்காரர் கிண்டினார், ஒரு கட்டியும் இல்லை. சென்னைக்காரர் பாதி உருண்டையோடு நிறுத்திக்கொண்டு, பிதுக்குப் பருப்புக் குழம்பைச் சோற்றில் ஊற்றி மூன்று தடவை சாப்பிட்டார். நல்லவேளை, ஒரு டம்ளர் அரிசி வடித்து வைக்கச் சொன்னது வாசகியின் அம்மாதான், நான் இல்லை. அந்த அம்மா காரிமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாராம், மகள் மானத்தை வாங்கிவிடுவாள் என்ற பயத்தில்.

ஹாசன்காரர் எதிர்பார்த்தபடியே எல்லாருக்கும் விழுங்கக் கற்றுக்கொடுத்து, நொய் போட்டது தப்பு என்று சொல்லிவிட்டு இரண்டு உருண்டை சாப்பிட்டார். காவேரிப்பட்டணத்துக்காரர் இதைப் படித்தால் மகிழ்வார்.

ஒடிசாப் பையனுக்குத்தான் எல்லாரும் பயந்திருக்கிறார்கள். அவன் கோராபுட் பக்கத்துக்காரன். களியை முகர்ந்து பார்த்துவிட்டு, 'மண்டியா' என்றானாம். அவன் ஊரிலும் கேழ்வரகுதான். அவர்கள் மொழியில் மண்டியா. அவன் பாட்டி தினமும் காலையில் மண்டியாக் கூழ்தான் குடிப்பாராம். இரண்டு வருடமாக ஓசூரில் இருக்கிறான். இங்கே அது இருப்பதே அவனுக்குத் தெரியாது. கடையில் யாரும் விற்கவில்லை, வீட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை. மூன்று உருண்டை. அம்மா அவனுக்கு நான்காவது போடப்போய், அவன் கையை இலைமேல் குறுக்கே வைத்துத் தடுத்திருக்கிறான்.

அம்மா ஊருக்குத் திரும்பும்போது, "அந்தப் பிள்ளையை மட்டும் பொங்கலுக்குக் கூட்டிக்கொண்டு வா" என்றாராம்.

ஜனவரி 9

ஊத்தங்கரையிலிருந்து என் அக்கா தொலைபேசியில் பேசினார். பேரன் இந்த இழையைப் படித்துக் காட்டியிருக்கிறான். எடுத்த எடுப்பில் திட்டு.

"ஏன்டா தம்பி, அம்மா வெட்கப்பட்டுக் கூடையைக் கவிழ்த்தாள் என்று ஊருக்கெல்லாம் எழுதியிருக்கிறாயாமே? உனக்கு என்ன தெரியும்?"

நான் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

"பார்த்தாய். எண்ணினாயா? சட்டியில் ஆறு உருண்டை. வீட்டில் ஆறு பேர். வாத்தியார் கண்ணில் பட்டுவிட்டால் 'சாப்பிடுங்கள்' என்று சொல்லாமல் இருக்க முடியுமா? ஆம்பளைக்கு ஒன்று போதாது, இரண்டு போட வேண்டும். அப்புறம் அம்மாவுக்கும் பாட்டிக்கும் எங்கே போவது? வாத்தியாருக்குக் களி தெரியாதா? அவரும் பாப்பாரப்பட்டிக்காரர்தானே, அவர் வீட்டிலும் அதுதானே கொதித்தது."

அந்த ஆறு என்ற எண் எனக்கு நினைவில் இல்லை. அக்காவுக்கு இருக்கிறது. அன்றைக்கு உருட்டியது அவர்.

31ஆம் தேதி எழுதியதில் கூடை, ஆவி, மோர் எல்லாம் சரி. காரணம் மட்டும் அக்கா சொல்வது. 'போடுங்கள்' என்று ஜனவரி 1இல் எழுதியதை இனி மாற்றப்போவதில்லை. ஆனால் உருண்டைகளை எண்ணிக்கொண்டு கூப்பிடுங்கள்.

ஜனவரி 10

ஓசூர் வாசகி கடைசியாக ஒன்று கேட்கிறார். பதினான்கில் இரண்டு மிச்சமாம். குளிர்பெட்டியில் மூன்று நாளாகக் கிடக்கிறது, சூடு செய்யலாமா?

மூன்று நாள் ஆனதைத் தூக்கிப் போடுங்கள். அடுத்த தடவை இப்படிச் செய்யுங்கள்: மிச்ச உருண்டையை அன்று இரவே மண்சட்டியில் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் மேலே நிற்கும் தண்ணீர் லேசாகப் புளித்திருக்கும். உருண்டையை அந்தத் தண்ணீரிலேயே கையால் கரைத்து, மோர் ஊற்றி, உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும் போட்டால் கூழ். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். மாங்காய்க் காலமாக இருந்தால் கிளிமூக்கு மாங்காயில் ஒரு கீற்று, உப்பு மிளகாய்த்தூள் தடவி. கிருஷ்ணகிரிப் பக்கம் அந்த மாங்காயைக் கூழ் ஆலைக்கு லாரி லாரியாக ஏற்றுவார்கள், அது வேறு கூழ்.

குண்டானின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி எறிந்திருப்பீர்கள். அதையும் எறியக் கூடாது. தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் மூடி வைத்தால் அப்பளம் போலப் பெயர்ந்து வரும். எங்கள் வீட்டில் அதற்குத்தான் அடிதடி. அக்காவுக்கும் எனக்கும்.